சலாங்க தொரை

முப்பத்தெட்டு வருடம் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரே பயணத்தில் ஆறு பொய் சொன்னேன். ஆறும் ஒரு பூனை சம்பந்தப்பட்டவை. என்னை வெளியே நிறுத்த இப்போது ஆள் இல்லை என்பதால் நானே எழுதி ஒப்புக்கொள்கிறேன்.

பொகவந்தலாவையில், தேயிலை மலையை ஒட்டிய சின்ன வீடு எங்களுடையது. என் மனைவி பாக்கியம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. முப்பது வருடம் ஊரார் பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் ஒரே மகளும் கல்யாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்விட்டாள். அதனால் பாக்கியம் பூனைகளை எண்ண ஆரம்பித்தாள்.

பூனைக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு குடும்பம் கொழும்புக்குக் கிளம்பினால் சட்டி பானை, டிவி, சாமிப் படம் எல்லாம் லொறியில் ஏறும். பூனை மட்டும் ஏறாது. அப்படி மிஞ்சிய பூனைகள் தேயிலைக்குள் புகுந்து, குட்டி போட்டு, ஆளைக் கண்டால் சீறும் ஜாதியாகிவிட்டன. அவற்றில் ஏழு, மாலை ஐந்து மணிக்கு எங்கள் கொல்லைக்கு வரும். பாக்கியம் சோற்றில் நெத்தலித் தலையைப் பிசைந்து, தகரத் தட்டுகளை வரிசையாக வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்போம். இது பூனைப் பெரட்டு. ஒன்று வராவிட்டால் டோர்ச் லைட்டுடன் கிளம்பிவிடுவாள்.

பெயர்களும் அந்தக் கணக்கில்தான். எப்போதும் மற்றதை அதட்டிக்கொண்டிருந்த கிழட்டுக் கறுப்பி, கங்காணி. மண்ணிறக் கடுவன், வலது காது பாதி இல்லாதது, மலை முழுக்கச் சுற்றி எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பது, கண்டாக்கு. (வேலையை மேற்பார்வை செய்யும் தோட்ட உத்தியோகத்தரை அப்படித்தான் சொல்வோம். அவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும், பெயர் வைத்தது நானில்லை.)

வீட்டுக்குள் வாழ்ந்தது ஒன்றே ஒன்று. அதுவும் மண்ணிறக் கடுவன்தான். ஆனால் நாலு காலிலும் முழங்கால் வரை வெள்ளை. அந்தக் காலத்துத் தோட்டத்துரைமார் அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை வெள்ளை மேசும் (காலுறை) போட்டுக்கொண்டு மலை பார்க்க வருவார்களே, அதே மாதிரி. நடையும் அதேதான். ஆகவே அதன் பெயர் தொரை.

இந்தத் தொரையிடம் ஒரு பழக்கம். வா என்றால் வராது. புஸ் புஸ் என்றாலும் வராது. பாக்கியம் நெற்றியில் கை வைத்து, லேசாகக் குனிந்து, "சலாங்க தொரை!" என்று இழுத்துச் சொன்னால்தான் வரும். விளையாட்டாகப் பழக்கியது, பிறகு வேறெதற்கும் அசையாமல் போயிற்று.

இது எனக்குப் பிடிக்காது. காரணம் உண்டு. என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். துரை வந்தால் பாதையை விட்டுத் தண்ணீர் ஓடும் காணுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சலாம் போடுவார். துரை குதிரை மாதிரி நேரே பார்த்தபடி போய்விடுவார். ஏழு வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அன்றிலிருந்து இந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. அதிபராக இருந்தபோது, விளையாட்டுப் போட்டிக்கு வந்த தோட்ட மனேஜருக்கு ஒரு மாணவன் சலாம் போட்டான் என்பதற்காக, "நான் யார் முன்னும் குனிய மாட்டேன்" என்று நூறு தடவை எழுத வைத்தேன். அப்படிப்பட்டவன் வீட்டில் தினமும் ஐந்து மணிக்குச் சலாம்!

"பூனைக்குத்தானே சொல்றேன், அதுக்கு என்னாத்துக்கு இப்படி மூஞ்சியத் தூக்குறீங்க?" என்பாள் பாக்கியம்.

ஆனாலும் எனக்குத் தொரையுடன் பகை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பாக்கியத்துக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்தபோது, கட்டுப் போட்ட கண்ணோடு அவள் படுத்திருந்த நாட்களெல்லாம் அது அவள் கால்மாட்டை விட்டு அசையவில்லை. அவள் கையால் தடவித் தடவி, "இருக்கியா?" என்று கேட்பாள். அது ஒரு தரம் கத்தும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் அப்படி அவள் கேட்கவில்லை. (கொஞ்சம் பொறாமைதான்.)

என் பகை கண்டாக்குடன். அது இடத்துக்கு இடம் வாலைத் தூக்கி அடையாளம் வைக்கும். வாசல் கதவில் வைத்தது, பொறுத்தேன். புத்தக அலுமாரியில் வைத்தது, பொறுத்தேன். கடைசியில் என் கோட்டில் வைத்தது. என் சளியடைத்த மூக்குக்கு அது தெரியவில்லை. அந்தக் கோட்டோடு ஒரு கல்யாணத்துக்குப் போய், மேடையேறி, மணமக்களை இருபது நிமிடம் வாழ்த்தினேன். மாப்பிள்ளை ஏன் மாலையை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார் என்பது வீட்டுக்கு வந்து பாக்கியம் சொன்ன பிறகுதான் விளங்கியது.

"மிருக டொக்டர்கிட்ட காட்டி ஒப்பரேஷன் செஞ்சா நின்னு போகும்ங்க" என்றாள். அவள் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. நான் கேட்கவில்லை. கண்டாக்கை நாடு கடத்துவது என்று முடிவெடுத்தேன்.

இடம், டயகம. பஸ் போகிற பாதை அங்கே முடிகிறது. அதற்கப்பால் மலையும் காடும்தான். அங்கிருந்து பொகவந்தலாவைக்குத் திரும்பி வர மனிதனுக்கே இரண்டு பஸ் பிடிக்க வேண்டும்.

"டயகமவுல என் பழைய மாணவன் ஒருத்தன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறான். போகாட்டி நல்லாயிருக்காது" என்றேன் பாக்கியத்திடம். (பொய் ஒன்று.)

விடிகாலையில் அடுப்படிக்குப் போனேன். குளிர் காலத்தில் பின்கதவுச் சந்தால் கண்டாக்கு உள்ளே வந்து, அணைந்த அடுப்பின் சூட்டுச் சாம்பலில் படுத்துக்கொள்ளும். அன்றும் சாம்பலுக்குள் ஒரு மண்ணிற உருவம் சுருண்டு கிடந்தது. என் மூக்குக்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துடைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் படையெடுத்துப் போகிறவன் கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்பானா? சாக்கைப் போட்டு அமுக்கி, அப்படியே பழைய ரெக்சின் பைக்குள் இறக்கி, மூச்சுக்கு இடம் விட்டு சிப்பை இழுத்தேன். சீறாமல் அடங்கியது ஆச்சரியமாக இருந்தது. என் அதிபர் கம்பீரத்துக்குப் பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் பாக்கியம் வழிக்கு முதல் நாளிரவே சுட்ட ரொட்டிப் பார்சலோடு நின்றாள்.

"பையில என்னாங்க?"

"பழைய புத்தகம். அவன் பிள்ளைகளுக்கு." (இரண்டு.)

"தொரையப் பாத்தீங்களா? காலையிலேருந்து காணோம்."

"அடுப்படியில தூங்குறான்." அங்கேதான் எங்கேயாவது கிடப்பான் என்ற நினைப்பில் சொன்னேன், பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. ஆனாலும் கணக்கில் மூன்றாவதாகச் சேர்க்கிறேன். அன்றைக்கு அதுதான் பெரிய பொய்.

"வர்றப்ப ஹட்டன்ல எறங்கி, தொரைக்கு நல்ல நெத்தலியா கொஞ்சம் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வாங்கி வருவதாகச் சொல்லி, தொரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஹட்டன் வரை பை தூங்கியது. டயகம பஸ்ஸில் ஏறி, ரொட்டிப் பார்சலை மடியில் வைத்ததும் விழித்துக்கொண்டது. (பாக்கியம் உள்ளே கருவாட்டுச் சம்பல் வைத்திருந்தாள்.) "மியாவ்" என்றது.

சிங்களக் கண்டக்டர் திரும்பி, "மாத்தயா, பூஸெக்த?" பூனையா, என்று கேட்டார்.

"நே நே. போன்" என்று மறுத்து, சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ" என்றேன். (நான்கு.)

அதன்பின் பூனை கத்தும்போதெல்லாம் நான் ஹலோ சொல்ல வேண்டியதாயிற்று. தலவாக்கலை தாண்டுவதற்குள் பதினைந்து ஹலோவாவது சொல்லியிருப்பேன். பக்கத்தில் இருந்த அம்மா பரிதாபமாகப் பார்த்தார்.

"யாருங்க சார், பேரப்புள்ளையா?"

"ஆமாங்க." (ஐந்து.)

"பசிக்கி அழுவுது போல. அது அம்மாகிட்ட குடுக்கச் சொல்லுங்க சார், தாத்தாகிட்ட கத்தி என்னா வந்துச்சி?"

நான் தொலைபேசியிடம், "அம்மாகிட்ட போம்மா" என்றேன். பையிலிருந்து பதில் வந்தது. அந்த அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

டயகமவில் தூறலும் பனியும். கடைத்தெருவைத் தாண்டி, தேயிலை ஓரத்துக் கல்கட்டுப் பக்கம் பையைத் திறந்தேன். சாம்பல் பூசிய உருவம் ஒன்று வெளியே வந்து, ஈரப் புல்லில் கால் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. குற்றவாளிகள் பார்ப்பதில்லை. வேகமாக நடந்து, புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெற்றி வீரனாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

பஸ் அதே கல்கட்டைக் கடந்தது. கட்டின் மேல் பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய கால் வெள்ளை. முழங்கால் வரை வெள்ளை. மற்றக் காலைத் தூக்கியது. அதுவும் வெள்ளை. காது இரண்டும் முழுசு.

அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டுப் போட்ட கண்ணோடு பாக்கியம் கால்மாட்டைத் தடவி, "இருக்கியா?" என்று கேட்பதுதான்.

"நிப்பாட்டுங்க! தொரை! தொரைய விட்டுட்டு வந்துட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

பஸ் குலுங்கி நின்றது. பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. முன் இருக்கையில் இருந்த பெரியவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டால் இருக்கையைத் துடைத்தார். ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினார்.

"தொரை பஸ்ஸுலயா வர்றாரு?"

"ஜீப்பு பழுதாயிருக்கும்டி. சும்மா இரு."

இந்தப் பஸ்ஸின் கண்டக்டர் தமிழர். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, "தொரை ஏறுறாருங்களா சார்?" என்றார்.

"ஆமா" என்றேன். (ஆறு.)

"எங்கங்க?"

கல்கட்டைக் காட்டினேன். அதன் மேல் யாரும் இல்லை. பஸ் நின்ற சத்தத்தில் அது தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. கண்டக்டர் கட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த வெறும் பையைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார். அவரே கைகொடுத்து என்னை மெதுவாக இறக்கிவிட்டு, மணியை இரண்டு தரம் அடித்தார்.

நான் தேயிலைக்குள் புகுந்தேன். "தொரை! வா! டேய் தொரை!"

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், மற்றவர்கள் மாரியக்கா என்று கூப்பிட்டவர், இறங்கி வந்தார்.

"யாரங்கய்யா தேடுறீங்க?"

"தொரைய."

"பெரிய தொரையா, சின்ன தொரையா?"

"...பூனை."

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! ஒருத்தி கொழுந்துக் கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்கு இருக்கிற தொரைமாரு போதாதுன்னா பொகவந்தலாவையிலேருந்து வேற ஒன்னக் கொண்டாந்தீங்க?" என்றார் மாரியக்கா, நான் கதையைச் சொன்னதும். "சரி, எப்படிக் கூப்புட்டா வரும்?"

"என் சம்சாரம் சலாம் சொல்லிக் கூப்பிடுவா. அதுக்குத்தான் வரும்."

"அப்ப சொல்லுங்க."

"நான் அதைச் சொல்றதில்லீங்க."

"ஏங்க?"

தூறலில், காலில் இரண்டு அட்டை ஏறிக்கொண்டிருக்க, என் அப்பாவின் தலைத்துண்டிலிருந்து ஆரம்பித்து மனித கௌரவம் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். மாரியக்கா பொறுமையாகக் கேட்டார். குனிந்து என் காலிலிருந்த அட்டையை எடுத்து எறிந்தார்.

"நல்லாச் சொன்னீங்க சார். ஆனா அதெல்லாம் மனுசத் தொரைக்கு. இந்தப் பனியில அது கெடந்தா ராவைக்கு நரி இழுத்துக்கிட்டுப் போயிரும். ஒங்க சம்சாரத்துக்கு என்னா பதில் சொல்லுவீங்க?"

முதலில் அந்தப் பெண்களே எனக்காகச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தாறு குரலில் "சலாங்க தொரை!" மலையில் எதிரொலித்தது. ஒரு செடிகூட அசையவில்லை. பாக்கியத்துக்குப் பக்கத்தில் அது தினமும் பார்த்த முகம் இங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என்னுடையது.

முணுமுணுத்துப் பார்த்தேன்.

"அது என்னா சார், மந்திரமா? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் கீழே உட்கார்ந்திருந்த கூடைக்காரி.

ரொட்டியைப் பிரித்துக் கருவாட்டுச் சம்பலை ஒரு கல்லில் வைத்தேன். நெற்றியில் கை வைத்தேன். இடுப்பை வளைத்தேன். எழுபத்திரண்டு வருடம் காப்பாற்றியதை எல்லாம் அந்த மலையில் கொட்டி, முழுத் தொண்டையால் கத்தினேன்.

"சலாங்க தொரை!"

எனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

"ஐயா! ஐயா! என்னா செய்றீங்க? இப்பல்லாம் யாரும் அப்படிக் கும்புடத் தேவையில்லைங்க, நிமிருங்க!" ஒருவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். அந்தத் தோட்டத்து உதவி மனேஜர், அதாவது சின்ன தொரை. தலைக்கவசத்தைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சார்? அதிபர் சார்!"

நானும் அடையாளம் கண்டுவிட்டேன். தயாளன். ஒன்பதாம் வகுப்பு. நூறு தடவை எழுதியவன்.

"எழுத வச்சீங்களே சார்..." என்றான். கோபம் இல்லை, அழுதுவிடுவான் போல இருந்தது. "அத நெனச்சித்தான் நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே யாரும் எனக்குச் சலாம் போடக் கூடாதுன்னு சொன்னேன். நீங்களே இப்படி..."

"ஒனக்கில்லடா. பூனைக்கு."

"எந்தப் பூனைக்கு?"

"தொரை வந்தாச்சு!" என்று கத்தினாள் கூடைக்காரி. அவள் கை தயாளனைக் காட்டவில்லை. செடிக்கடியிலிருந்து முதலில் ஒரு வெள்ளை மேசு, பிறகு இன்னொன்று. சம்பலைத் திரும்பியும் பார்க்காமல் நேரே வந்து, நனைந்த முதுகை என் வேட்டியில் தேய்த்து, ஒரு தரம் கத்தியது.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது என் கையை இரண்டு இடத்தில் பிறாண்டியது. பிறாண்டட்டும் என்று விட்டேன். அவ்வளவு நிம்மதி எனக்கு ஓய்வூதியம் கிடைத்த அன்றும் வந்ததில்லை.

"ரெண்டு தொரையும் ஒரே எடத்துல! நாளைக்கு லீவுதான்" என்றார் மாரியக்கா.

தயாளன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி பஸ் வரை கொண்டுபோய் விட்டான். நான் பின்னால், நடுவில் பை, பைக்குள் தொரை. வழியில் மெதுவாக, "சார், எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகலாமே, புதுசாக் கட்டிப் போன மாசந்தான் பால் காய்ச்சினேன்" என்றான். என் முதல் பொய் ஒரு மாதம் மட்டுமே பிந்தியிருந்தது.

வீடு சேர்ந்தபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. கங்காணி, மற்றவை எல்லாம் தட்டில். என் நாற்காலியில், காது பாதியாக, கண்டாக்கு. பாக்கியம் மட்டும் தட்டுகளைப் பார்க்காமல் கொல்லைப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. பகல் முழுக்க லயம் லயமாகத் தேடியிருக்கிறாள்.

பஸ்ஸில் ஏழாவது பொய் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பொய். அவள் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது. பையைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தொரையைத் தூக்கி, காலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நான் வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி கொல்லையிலேயே நின்றேன். அதன் ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"கண்டாக்குக்குக் காது பாதி இல்ல."

"ம்."

"அதுகூடத் தெரியாம முப்பத்தெட்டு வருசம் எப்படிங்க பேப்பர் திருத்துனீங்க?"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கேட்டாள், "நெத்தலி எங்க?"

மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நானே கண்டாக்கை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன், இம்முறை காதை எண்ணிப் பார்த்துவிட்டு. இப்போது அது யாருடைய கோட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை. என்னைப் போலவே ஓய்வு பெற்று, என் நாற்காலியில் பாதியை வைத்திருக்கிறது. கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தால், நான் ஹலோ சொன்னதும் முதலில் பேத்தி "மியாவ்" என்பாள். பிறகுதான் விசேஷம் விசாரிப்பது. நான் எந்தப் பையோடு கிளம்பினாலும் லயத்து ஆட்கள், "சார், உள்ளுக்கு தொரை இருக்காருங்களா?" என்று கேட்கிறார்கள். தீபாவளிக்குத் தயாளனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நெத்தலி. மேலே என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "பெரிய தொரை அவர்களுக்கு."

பாக்கியம் விதித்த தண்டனை மட்டும் இன்னும் முடியவில்லை. ஐந்து மணிப் பெரட்டு இப்போது என் பொறுப்பு. கொல்லையில் நின்று, நெற்றியில் கை வைத்து, குனிந்து சொல்கிறேன். பாக்கியம் ஜன்னல் வழியே பார்த்து, "இன்னங் கொஞ்சம் குனியணும்" என்று மார்க்குப் போடுகிறாள்.

என் அப்பா ஆயுள் முழுக்கப் போட்ட சலாமுக்கு ஒரு துரையும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தத் தொரை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது.